எல்லோருக்கும் எழுபத்திரண்டு

அந்த ஸ்டாப்வாட்ச் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

சமையலறை அலமாரியின் இரண்டாவது இழுப்பறை. கரண்டிகளுக்கும் ரப்பர் பேண்டுகளுக்கும் நடுவே கறுப்புக் கயிறு சுற்றிக் கிடந்தது. திறக்கும்போதெல்லாம் அதன் முகத்தில் எண்கள் ஓடின. இருபத்துநாலு மணி நேரம் ஆனதும் தானாகவே பூஜ்யத்துக்கு வந்து மறுபடி புறப்படுகிற வகை. இருபத்து மூன்று நாட்களாக அப்படித்தான் புறப்பட்டுக்கொண்டிருந்தது.

நிறுத்த ஒரு பொத்தான் போதும். கட்டைவிரலால் ஓர் அழுத்து. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் செய்துவிடும்.

டிரில் டீச்சரால் முடியவில்லை. அன்றைக்கும் கரண்டியை எடுத்துக்கொண்டு இழுப்பறையை இடுப்பால் இடித்து மூடினாள்.

"மெதுவா. அது என்ன பாவம் பண்ணுச்சு?" என்றான் புருஷன்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டு கட்டிடங்களின் லிஃப்டுகள் அவன் பொறுப்பு. காக்கிச் சட்டைப் பையில் டெஸ்டரைச் செருகிக்கொண்டு, நின்றபடியே ரொட்டியை டீயில் முக்கித் தின்றுகொண்டிருந்தான்.

"உக்காந்து சாப்பிடுங்க. ஊருக்கே பாடம் எடுக்கிறவ வீட்டுல நின்னுக்கிட்டுத் தின்னா மானம் போகுது."

"எட்டாம் பாடமா அது?"

"ஆறாம் பாடம். நல்ல பழக்கங்கள்."

"நின்னு சாப்பிட்டா நேரா கீழ இறங்கும் டீச்சரம்மா. லிஃப்டு மாதிரி."

ஒரு மாதத்துக்கு முன்னால் என்றால் இதற்கு மைனா விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். எட்டாம் வகுப்பு படிக்கிற ஒரே மகள். வாய் ஓயாததால் தெருவே வைத்த பெயர் அது. இப்போது அந்த மைனா மேஜையில் உட்கார்ந்து தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கையின் இரண்டு விரல்கள் இடது மணிக்கட்டின் மேல் இருந்தன. உதடுகள் மட்டும் அசைந்தன.

"எடுடி கைய," என்றாள் டீச்சர்.

மைனா எடுத்தாள். டீச்சர் அடுப்புப் பக்கம் திரும்பியதும் மறுபடி வைத்துக்கொண்டாள்.

*

பள்ளிக்கூட வாசலில் அந்த அம்மாள் நின்றிருந்தாள். தினமும் நிற்பாள்.

கடைத்தெரு லாண்டரியில் இஸ்திரி போடுகிறவள். காலை பத்திலிருந்து இருட்டும்வரை நின்றபடியே வேலை. புடவையில் எப்போதும் சூடான துணியின் வாசம். வலது கை விரல்நுனிகள் வெந்து வெந்து வழுவழுவென்று ஆகியிருக்கும். இஸ்திரிப் பெட்டி காய்ந்துவிட்டதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்த விரல்கள். பக்கத்தில் அவளுடைய சின்ன மகள். ஐந்தாம் வகுப்பு. குட்டி.

"டீச்சர், இவ சாப்பிட்டுட்டா," என்றாள் அந்தத் தாய். "ரெண்டு முட்டை. ஒரு டம்ளர் பால். மூணு துண்டு ரொட்டி. கண்ணு முன்னால உக்கார வச்சு, கடைசி வாய் முழுங்குற வரைக்கும் பார்த்தேன்."

"சரிம்மா."

"இவளையே கேளுங்க."

"சாப்பிட்டேன் டீச்சர்," என்றது குட்டி. முகம் வெளுத்திருந்தது. "வாந்தி வர மாதிரி இருக்கு."

"வாயை மூடு. வாந்தி எடுத்தா வெறும் வயிறாயிடும்." தாய் அவள் வாயைத் துடைத்துவிட்டாள். பிறகு டீச்சரிடம் குரலைத் தாழ்த்தினாள். "பெரியவளுக்குத்தான் அன்னிக்கு ஒரு வாய் கொடுக்காம அனுப்பிட்டேன். அவசர ஆர்டர். கல்யாண வீட்டுத் துணி. 'போற வழியில ஏதாவது வாங்கிக்கோடி'ன்னு சொல்லிட்டு இஸ்திரிப் பெட்டிகிட்ட போயிட்டேன். நீங்க எல்லாம் புஸ்தகத்துல போட்டுச் சொல்லிக் கொடுக்கிறீங்க. எனக்குத்தான் புத்தி இல்ல."

டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. இருபத்து மூன்று நாளாகச் சொல்லவில்லை.

வாசல் சுவரில், பெரிய எழுத்தில், பெயின்ட் அடித்த பாடம்: காலை உணவைத் தவிர்க்காதே. வெறும் வயிற்றில் ஓடாதே. எழுதச் சொன்னவள் அவள்தான்.

அந்தத் தாய் அதன் கீழேதான் தினமும் நின்றாள்.

*

பெரியவளைப் பிள்ளைகள் ராக்கெட் என்று கூப்பிட்டார்கள். மைனாவின் பெஞ்சில், மைனாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள். ஒல்லிக்குச்சி. ஓடினால் சடை பின்னால் நேராக நிற்கும்.

அன்றைக்கு எண்ணூறு மீட்டர். நாலு சுற்று. டீச்சர் விசில் ஊதி ஸ்டாப்வாட்சை அழுத்தினாள். ராக்கெட் முதல் சுற்றிலேயே பத்து மீட்டர் முன்னால். இரண்டாவதில் இருபது. மூன்றாவது சுற்றில், வளைவில், யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டதுபோல் சற்றுத் திரும்பினாள். அப்படியே மண்ணில் விழுந்தாள்.

டீச்சர் ஓடினாள். கழுத்தில் ஸ்டாப்வாட்ச் குதித்தது. அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

இதயம் நின்றுவிட்டது என்று ஆஸ்பத்திரியில் எழுதினார்கள். ஏன் நின்றது என்று அறுத்துப் பார்க்கக் கூடாது என்று தாய் டாக்டரின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் ஹெட்மாஸ்டர் சொல்லச் சொல்ல டீச்சர் ஓர் அறிக்கை எழுதினாள். 'மாணவி காலை உணவு உண்ணாமல் வந்திருந்தார். உடல்நல அட்டையின்படி முழு ஆரோக்கியத்துடன் இருந்தார். நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 72.' கீழே கையெழுத்து.

அந்த எழுபத்திரண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வருடா வருடம் பள்ளி திறந்ததும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை. உயரம், எடை, நாடி. முந்நூற்று எண்பத்தாறு அட்டைகள், ஒரு டிரில் டீச்சர், ஒரு வாரம். அந்த வாரத்திலும் "போர்ஷன் முடிக்கணும்மா, ஒரு பீரியட் கடனா கொடு" என்று கணக்கு சார் வாசலில் வந்து நிற்பார். வாங்கிய பீரியடை அவர் திருப்பிக் கொடுத்த சரித்திரம் இல்லை. எடை மெஷினோ, யார் ஏறினாலும் முப்பத்தெட்டைக் காட்டும். ஹெட்மாஸ்டர் ஏறியபோதும் முப்பத்தெட்டு.

அவளுக்கு முன்னால் இருந்த டிரில் மாஸ்டர், ஓய்வு பெற்ற அன்று, விசிலோடு சேர்த்து ஒரு வித்தையையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். "உயரத்துக்குக் கண்ணு. எடைக்குக் கன்னம். நாடிக்கு எழுபத்திரண்டு. முப்பது வருஷம் ஓட்டிட்டேன்மா, ஒருத்தன் கேட்டதில்ல."

அவளும் ஓட்டினாள். இந்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேஜையில், மைனாவும் கூட உட்கார்ந்தாள். அம்மா சொல்ல மகள் எழுதினாள். மைனாவின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

"எல்லாருக்கும் எழுபத்திரண்டாம்மா? ஒண்ணு ரெண்டு மாத்திப் போடலாமா? எழுபது, எழுபத்தஞ்சு?"

"எவன் படிக்கப் போறான்? எழுதுடி, ஐஸ்கிரீம் வாங்கித் தரேன்."

ஐஸ்கிரீம் வாங்கித் தந்தாள். ராக்கெட்டுக்கும் சேர்த்துத்தான்.

*

"உக்காருங்க டீச்சர்," என்றார் ஹெட்மாஸ்டர். அவர் உட்காரச் சொன்னாலே வேலை ஏதோ தலையில் விழப்போகிறது என்று ஆசிரியர் அறையில் ஒரு பேச்சு உண்டு.

"வெள்ளிக்கிழமை ஸ்போர்ட்ஸ் டேயை வச்சிடலாம்னு இருக்கேன். எத்தனை நாள் தள்ளிப் போடறது? ஆனா சும்மா வச்சா நல்லா இருக்காது. முதல்ல ஒரு நினைவு ஓட்டம். செத்துப்போன பொண்ணோட தங்கச்சி இருக்கில்ல? கையில அக்கா போட்டோவோட ஒரு சுத்து அது ஓடும். பின்னாடி பள்ளிக்கூடமே ஓடும். போட்டோகிராபருக்குச் சொல்லியாச்சு."

டீச்சர் நிமிர்ந்தாள். "குட்டியா சார்? அது அஞ்சாவதுதான் படிக்குது."

"ஒரு சுத்துதானம்மா. அவங்கம்மாகிட்டயும் பேசிட்டேன். அழுதுட்டாங்க. 'நல்லா சாப்பிட வச்சு அனுப்பறேன் சார்'னாங்க."

"வேண்டாம் சார். அந்தக் குடும்பத்துல ஏற்கெனவே..."

"அதெல்லாம் நான் யோசிக்காம இருப்பேனா?" மேஜையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். "கார்டைப் பார்த்துட்டுத்தான் முடிவு பண்ணினேன். உயரம் ஓகே. எடை ஓகே. நாடி எழுபத்திரண்டு. நீங்களே எழுதினது. அப்புறம் என்ன பயம்?"

அட்டையில் முத்து முத்தான கையெழுத்து. ஏழின் குறுக்கே சின்னக் கோடு. மைனா மட்டும் போடுகிற கோடு.

ஜன்னலுக்கு வெளியே மைதானம் காலியாகக் கிடந்தது. காற்று எழும்பி வளைவில் மண்ணைச் சுருட்டி ஓட்டிக்கொண்டு போனது. டீச்சர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மண் சரியாக அந்த இடத்தில் அடங்கியது.

*

சாயங்காலம் வானம் மூடிக்கொண்டு நின்றது. மழையாகவும் இல்லை, விலகவும் இல்லை. புருஷன் கொல்லைக் குழாயில் கிரீஸ் கையை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். டீச்சர் துணி மடித்துக்கொண்டே வெள்ளிக்கிழமை விஷயத்தைச் சொன்னாள்.

"ஓடட்டுமே," என்றான் அவன். "ஒரு சுத்துதான?"

"நான் அவளுக்கு நாடி பார்க்கலைங்க. யாருக்குமே பார்க்கல."

"தெரியும். சாப்பாட்டு மேஜையிலதான எழுதினீங்க? நான் பக்கத்துல படுத்துக் குறட்டை விட்டேன்." கையை உதறினான். "விடு. நீ பார்த்திருந்தாலும் என்ன பண்ணியிருப்ப? நீ என்ன டாக்டரா? வாயைத் திறந்தா வேலை போகும். கேஸு, கோர்ட்டுன்னு இழுப்பாங்க. போன பொண்ணு எழுந்து வருமா?"

"போனவளைப் பத்திப் பேசல."

"பின்ன?"

 பதில் உள்ளே இருந்து வந்தது.

"நிக்குதும்மா."

மைனா நிலைப்படியில் நின்றாள். விரல்கள் மணிக்கட்டில்.

"என்னடி நிக்குது?"

"குட்டிக்கு. நாடி." அவள் குரல் பாடம் ஒப்பிக்கிற மாதிரி வந்தது. "எங்க கிளாஸ்ல நாப்பத்தி ரெண்டு பேருக்கும் எண்ணிட்டேன். லஞ்ச் பிரேக்ல. ஒருத்திக்குக்கூட எழுபத்திரண்டு இல்லம்மா. எண்பது, எண்பத்தெட்டு, தொண்ணூத்தி நாலு. எல்லாருக்கும் விடாம அடிக்குது. குட்டிக்கு மட்டும் மூணு நாளா எண்ணறேன். அடிக்குது, அடிக்குது, நிக்குது. அப்புறம் ரெண்டு சேர்ந்து அடிக்குது. ராக்கெட்டுக்கு இருந்த மாதிரியே."

துணி டீச்சரின் மடியிலிருந்து சரிந்தது.

"ராக்கெட்டுக்கு இருந்துதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நீதானம்மா நாடிப் பாடம் எடுத்த அன்னிக்குச் சொல்லிக்கொடுத்த? ரெண்டு விரல் வை, பதினஞ்சு செகண்ட் எண்ணு, நாலால பெருக்குன்னு. பக்கத்துல இருக்கிறவ கைய ஒவ்வொருத்தரும் பிடிச்சோம். அவ கைய நான் பிடிச்சேன். எண்ணவே வரல. அவளே எழுந்து நின்னு சொன்னாளே. 'டீச்சர், எனக்கு நின்னு நின்னு அடிக்குது'ன்னு."

டீச்சருக்கு ஞாபகம் இருந்தது. மறந்த நாளே இல்லை. அந்த பீரியட் முடிய ஐந்து நிமிடம் இருந்தது. கணக்கு சார் ஏற்கெனவே வாசலில் வந்து நின்றுவிட்டார். வகுப்பு முழுக்கச் சிரித்தது.

"நீ என்ன சொன்ன தெரியுமாம்மா?"

"மைனா, போதும்," என்றான் அப்பா.

"'உன் பக்கத்துல இருக்கிறவ எப்பவும் பேசிக்கிட்டே இருந்தா எப்படிடி எண்ண வரும்'னு சொன்ன. எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா. நீ விசில் ஊதிட்ட."

 குழாயிலிருந்து தகர வாளியில் தண்ணீர் சொட்டியது. ஒன்று. ஒன்று. ஒன்று. மூன்று பேரும் அதை எண்ணிக்கொண்டிருந்தார்கள். எண்ணாமல் இருக்க முடியவில்லை.

அவன் எழுந்து குழாயை இறுக்கி மூடினான். வெகுநேரம் துண்டால் கையைத் துடைத்தான். காய்ந்த கையையே துடைத்துக்கொண்டிருந்தான்.

"நம்ம விஷயத்தை விடு," என்றான் கடைசியில், யாரிடமோ சொல்வதுபோல். "எங்க கம்பெனில ஒரு வழக்கம். சர்வீஸ் முடிச்சு கார்டுல கையெழுத்துப் போட்டவன்தான் அந்த லிஃப்ட்ல முதல்ல ஏறணும். உச்சி மாடிவரைக்கும் போய் இறங்கணும். அதுக்கப்புறம்தான் மத்தவங்க. கயித்தைப் பார்க்காம கையெழுத்துப் போட்டவன் ஏறும்போது மூஞ்சிலயே தெரியும். வேர்த்துடும்."

"நீங்க பார்க்காம போட்டிருக்கீங்களா?"

"ஒரே தடவை." துண்டைக் கொடியில் போட்டான். "ஆறு மாடி. இறங்கினதும் வாந்தி எடுத்தேன். திரும்ப மேல போய்க் கயித்தைப் பார்த்துட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்."

"கயிறு எப்படி இருந்துது?"

"நல்லாத்தான் இருந்துது," என்றான். "அது எனக்கு முன்னாடியே தெரியாது பாரு."

டீச்சர் எழுந்து சமையலறைக்குள் போனாள். இழுப்பறை திறக்கிற சத்தம் கேட்டது. மூடுகிற சத்தம் கேட்கவில்லை.

*

மறுநாள் காலை வாசலில் அந்தத் தாய்.

"டீச்சர், இவ சாப்பிட்டுட்டா. முட்டை ரெண்டு. பால்..."

"உள்ள வாங்கம்மா. நிழல்ல நிப்போம்."

சுவரோரம் ஒரு வேப்பமரம். குட்டியை அதன் அடியில் கல்லில் உட்கார வைத்தாள். பையிலிருந்து ஸ்டாப்வாட்சை எடுத்தாள். எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. இருபத்து மூன்று மணி, நாற்பத்தொரு நிமிடம், சில விநாடிகள். அதைப் பார்த்தால் மைதானம் தெரிந்தது. வளைவு தெரிந்தது. சற்றுத் திரும்பிய முகம் தெரிந்தது.

அழுத்தினாள்.

நின்றது. இவ்வளவு சின்னச் சத்தம்தானா!

மறுபடி அழுத்தினாள். பூஜ்யம்.

"கையை நீட்டு கண்ணா."

"எதுக்கு டீச்சர்? மைனாக்கா தினமும் பார்க்கறாங்களே."

"நான் பார்க்கல. நான்தான் பார்க்கணும்."

இரண்டு விரல்கள் வைத்தாள். பதினைந்து விநாடி போதும் என்று பாடத்தில் இருக்கிறது. அவள் ஒரு நிமிடம் முழுக்க எண்ணினாள். முடிந்ததும் இன்னொரு நிமிடம். பிள்ளைகள் கத்திக்கொண்டே பக்கத்தில் ஓடினார்கள். முதல் மணி அடித்தது. தாய் சிரித்தாள்.

"சத்து இருக்கா டீச்சர்? தெம்பா இருக்கா?"

மூன்றாவது நிமிடம் முடிந்தபோது டீச்சரின் நெற்றியில் வேர்த்திருந்தது.

"அம்மா, வெள்ளிக்கிழமை இவ ஓட வேண்டாம். இன்னிக்கும் படி ஏற வேண்டாம். இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். இதயத்துக்குன்னு தனியா டாக்டர் இருக்கார்."

"ஏன்? சாப்பிட்டாளே?" தாயின் குரல் உடைந்தது. "நான் பார்த்தேனே, கடைசி வாய் வரைக்கும்..."

"சாப்பாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா. இவளுக்கு நாடி நின்னு நின்னு அடிக்குது. ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம். டாக்டர்தான் சொல்லணும். ஆனா பெரியவளுக்கும் இப்படியே இருந்துது. அவ எங்கிட்ட சொன்னா. கிளாஸ்ல எழுந்து நின்னு சொன்னா. நான் சிரிச்சுட்டு விட்டுட்டேன். அட்டையில எழுபத்திரண்டுன்னு எழுதினேன். கையைத் தொடாமலே எழுதினேன். எல்லாருக்கும் அப்படித்தான் எழுதினேன்."

தாயின் கை குட்டியின் தோளைப் பற்றியது.

"அன்னிக்கு நீங்க ஊட்டி அனுப்பியிருந்தாலும் நான் ஓட விட்டிருப்பேன். அவ விழுந்திருப்பா. வெறும் வயிறுன்னு எழுதினது பொய். நான்தான் எழுதினேன். இந்தாங்க." மடித்த தாளை நீட்டினாள். "வேற எழுதியிருக்கேன். அட்டை எழுதின கதை முழுக்க இதுல இருக்கு. ஹெட்மாஸ்டர்கிட்ட ஒண்ணு கொடுத்துட்டேன், கல்வி அதிகாரிக்கு ஒண்ணு அனுப்பிட்டேன். இது உங்களுக்கு."

தாய் தாளை வாங்கவில்லை. அறை விழும் என்று டீச்சர் எதிர்பார்த்தாள். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்தத் தாய் அவளைத் தாண்டிச் சுவரைப் பார்த்தாள். பெரிய எழுத்தில் பெயின்ட் அடித்த பாடத்தை, அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள்போல, முதலிலிருந்து கடைசிவரை பார்த்தாள்.

"இருபத்து நாலு நாளு," என்றாள். "இதுங்கீழ நிக்க வச்சியே."

இதுவரை 'நீங்க' என்றவள்.

குட்டியின் கையைப் பிடித்து எழுப்பினாள். "ஆஸ்பத்திரிக்கு வழி தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"முன்னாடி நட."

டீச்சர் நடந்தாள். பின்னால் அலுவலக அறை வாசலிலிருந்து ஹெட்மாஸ்டர் அவளைக் கூப்பிட்டார். கையில் ஒரு தாள் இருந்தது. இரண்டாம் முறை அவர் கூப்பிட்டதும் அவளுக்குக் கேட்டது. திரும்பவில்லை. மாடி ஜன்னலில் மைனா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கைகள் இரண்டும் கம்பியில் இருந்தன.

"வேகமா போலாமா டீச்சர்?" என்றது குட்டி. "நான் அக்கா மாதிரி வேகமா நடப்பேன்."

"வேண்டாம் கண்ணா. மெதுவா."

கடைத்தெரு திருப்பத்தில், பூட்டியிருந்த லாண்டரியின் முன்னால், தாய் நின்றுவிட்டாள். மகளின் மணிக்கட்டைத் திருப்பித் தன் விரல்களை வைத்தாள். வெந்து வழுவழுத்த இரண்டு விரல்நுனிகள். அழுத்திப் பார்த்தாள். நகர்த்திப் பார்த்தாள். முகம் கோணியது.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே. ஒண்ணுமே அடிக்கலையே."

டீச்சர் திரும்பி வந்தாள். அந்த விரல்களைத் தொடலாமா என்று ஒரு கணம் தயங்கினாள். பிறகு அவளுடைய அந்த இரண்டு விரல்களையும் மடக்கிவிட்டு, வெந்திராத சுண்டுவிரலைப் பிடித்து, கட்டைவிரல் பக்கமாக, எலும்புக்கு உள்ளே, மெல்ல வைத்தாள்.

"அழுத்தாதீங்க. இங்க. பேசாம இருங்க."

பஸ் ஒன்று போனது. புழுதி அடங்கியது.

"ஒண்ணு," என்றாள் தாய். கண்கள் விரிந்தன. "ரெண்டு."

அப்புறம் வரவில்லை. மூன்று பேரும் நடுத்தெருவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கடைத்தெரு முழுக்க அவர்களுக்காக நின்றுவிட்டதுபோல் இருந்தது.

"மூணு," என்றாள் தாய். "மூணு, மூணு வந்துடுச்சு. நட. சீக்கிரம் நட."